அவையும் வசையும்

மக்கட்கு வாய்த்த செல்வங்களுள் சொல்லினுஞ் சிறந்தது பிறிதொன்றில்லை. பொருட்செல்வம் கொடுக்கக் குறையும். சொற்செல்வமோ கொடுக்குந்தோறும் வளரும். ஆயினும் அச்செல்வமே நெறி தவறி வழங்கப்படுங்கால், சொல்வாரையும் கேட்பாரையும் ஒருங்கே கெடுக்கும் நஞ்சாய் மாறுதலும் உண்டு. ஒருவர் தம் வீட்டகத்தே சினந்து கூறும் கடுஞ்சொல் பெரும்பாலும் அவ்வீட்டளவில் அமைந்துவிடும். பலர் கூடிய அவையிற் கூறும் கடுஞ்சொல்லோ அவ்வவையையே கலைத்துவிடும். சொல்லப்பட்டவர் எழுந்து போவர். அவர்பால் அன்புடையார் உடன் போவர். அமைதி விரும்புவோர் மெல்ல நழுவுவர். ஈற்றில் எஞ்சியிருப்போர் வசைபாடுவோரும் அதனைக் கண்டு மகிழ்வோருமே ஆவர்.

அவை என்பது ஊர்மன்றமும் கல்லூரிச் சொற்போர்க் கழகமும் மட்டுமன்று. செய்தித்தாளில் வாசகர் கடிதங்கட்கு ஒதுக்கிய பத்தியும் ஓர் அவையே. ஓர் ஊரார், ஒரு வகுப்பினர், ஒரு சங்கத்தார் தம்முட் செய்தி பரிமாறிக்கொள்ளும் கைப்பேசிக் குழுவும் ஓர் அவையே. கைப்பேசி வந்தபின் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அச்சியந்திரம் அமைந்துவிட்டது. ஆனால் முன்னாளில் அச்சியந்திரத்தின் அருகே அமர்ந்திருந்த பத்திராதிபர் மட்டும் உடன் வரவில்லை. எனவே, அவையிற் புகும் வசையை அடக்கவேண்டுவார் யார்? எவ்வாறு அடக்குதல் வேண்டும்? அடக்குங்கால் கருத்துரிமைக்கு ஊறு நேராது காப்பது எங்ஙனம்? இம்மூன்று வினாக்களையும் ஈண்டு ஆராய்வாம்.

நூலோர் வகுத்த நெறி

தமிழ் பயில்வார் இவ்வாராய்ச்சியைத் தொடங்குதற்கு அயல்நாடு செல்லவேண்டுவதில்லை. தொல்காப்பியனார் சொல்லதிகாரத்து எச்சவியலில் 'அவையல் கிளவி' என ஒருவகைச் சொல்லைக் குறிக்கின்றார். அவையின்கண் கூறத்தகாத சொல் என்பது அதன் பொருள். அதனை வெளிப்படக் கூறாது மறைத்துக் கூறுக என்பது அவர் விதி. பவணந்தி முனிவர் நன்னூலில் இதனையே 'இடக்கரடக்கல்' எனப் பெயரிட்டுத் தகுதி வழக்கின் மூவகையுள் ஒன்றாக வைத்தார். இவ்விதிகள் பெரும்பாலும் நாணத்தக்க சொற்களைப் பற்றியனவே. ஆயினும் அவற்றின் உள்ளே பொதுவானதொரு நெறி பொதிந்து கிடக்கின்றது. பொருளை விலக்குக என்று இலக்கணம் கூறவில்லை; சொல்லை மாற்றுக என்றே கூறிற்று. கூறவேண்டிய செய்தி எதுவாயினும் அவைக்கு வரலாம்; அஃது உடுத்துவரும் உடை மட்டும் அவைக்கு ஏற்றதாதல் வேண்டும்.

இனி, மாறுபட்டுப் பேசுதல் குற்றமோவெனின், அன்று. நன்னூற் பாயிரம் நூலாசிரியர் கொள்ளும் மதங்கள் ஏழெனக் கூறும். பிறர் கருத்துக்கு உடன்படுதல் அவற்றுள் ஒன்று. மறுத்தல் ஒன்று. பிறர் கொள்கையை முதற்கண் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதல் ஒன்று. பிறர் நூலிலுள்ள குற்றத்தை எடுத்துக் காட்டுதலும் ஒன்று. ஏழனுட் பலவும் மாறுபடுதற்குரிய வழிகளாகவே அமைந்திருத்தல் காண்க. நம் முன்னோர் மாறுபாட்டை அஞ்சியவரல்லர். அதற்கு இலக்கணமே வகுத்தவர். ஆயின், எதிர்ப்பட்டவனை இகழ்தல் என எட்டாவது மதமொன்று அங்கே இல்லை. நூற்குற்றங் காட்டலாம், நூலாசிரியனின் பிறப்பைக் காட்டுதற்கு இலக்கணம் இடந்தரவில்லை.

திருவள்ளுவரும் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமும், புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமும், பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். அவரே இறைமாட்சி கூறுமிடத்துத் தன் செவி கசக்கும் சொற்களைப் பொறுத்துக்கொள்ளும் வேந்தனைப் போற்றினார். பெரியாரைத் துணைக்கோடல் கூறுமிடத்து இடித்துரைப்பார் இல்லாத மன்னன் தானே கெடுவன் என்றார். ஆதலின் கசப்பு வேறு, வசை வேறு. உண்மை பலகாற் கசக்கும், கசப்பதெல்லாம் வசையாகாது. இவ்வேறுபாட்டை உள்ளத்திற் கொள்ளாதார் அவையைக் காக்கப் புகின், மருந்தைக் கொட்டிவிட்டு நோயைக் காத்தவராவர்.

யாழ்ப்பாணத்திலிருந்து சிதம்பரம் வரை

நூல்நெறி இவ்வாறாக, நடைமுறையில் நிகழ்ந்ததென்ன என்பதற்குச் சென்ற நூற்றாண்டுகளின் வரலாறே சான்று பகரும். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனரிமார் 1841-ஆம் ஆண்டு 'உதயதாரகை' என்னும் பத்திரிகையைத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாகத் தொடங்கினர். செய்திகளோடு வாசகர் கடிதங்களும் சமயத் தர்க்கங்களும் அதில் இடம்பெற்றன. அச்செழுத்தில் ஒருவர் கூறியதற்கு மற்றொருவர் அச்செழுத்திலேயே விடை கூறும் வழக்கம் நம்மவர்க்குப் பழகிய தொடக்கக் காலம் அது.

அக்காலத்தில் யாழ்ப்பாணம் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைசெய்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். மிஷனரிமார் வெளியிட்ட துண்டுப் பிரசுரங்களிற் சில, சைவத்தை ஆராய்வதோடு அமையாது இகழவும் செய்தன. கிறிஸ்தவராகிய நாம் இதனை மறைத்தல் அறமன்று. அவற்றிற்கு விடையாக நாவலர் 1854-இல் 'சைவ தூஷண பரிகாரம்' என்னும் நூலை வெளியிட்டார். தாம் நன்கு கற்ற விவிலியத்தினின்றே சான்றுகள் காட்டி, கோயில் வழிபாடும் சடங்குகளும் அங்கும் உளவன்றோ என வினவினார். எதிரியின் நூலை ஏற்றுக்கொண்டே எதிரியின் கூற்றைக் களையும் முறை இது. உடன்படாதாரும் இந்நூலைப் படித்து விடை தேடலாம். தேடுங்கால் தம் நூலையும் இன்னும் ஆழ்ந்து கற்பர். மறுப்பு செய்யும் நன்மை இதுவே.

நிற்க. நாவலரே பின்னர் ஈடுபட்ட மற்றொரு வழக்கு வேறு வகையாக முடிந்தது. 1867-இல் இராமலிங்க அடிகளின் பாடல்கள் தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் 'திருவருட்பா' என்னும் பெயரோடு அச்சாயின. தேவார திருவாசகங்கட்கே உரிய 'அருட்பா' என்னும் பெயரை, உடன்வாழும் ஒருவரின் பாடல்கட்கு இடலாமோ என்பது நாவலர் எழுப்பிய வினா. இஃது அறிஞர் அவையில் ஆராயத்தக்க வினாவே. பெயரிடும் உரிமை யாருடையது, அருள் என்பதன் இலக்கணம் யாது, பழைய திருமுறைகளின் வரையறை எத்தகையது என்றெல்லாம் இருதிறத்தாரும் அமைந்து பேசியிருப்பின், தமிழுக்கு நல்லதோர் ஆராய்ச்சி நூல் கிடைத்திருக்கும். நிகழ்ந்ததோ வேறு. அருட்பா அன்று மருட்பா என்றார் ஒருசாரார். அதனை மறுத்தார் மற்றொரு சாரார். கண்டனமும் அதற்குக் கண்டனமுமாகப் பிரசுரங்கள் பெருகின. பாடலைப் பற்றிய வழக்குப் பாடியவரின் ஒழுக்கத்தைப் பற்றியதாயிற்று. பின்னர் எதிர்த்தவரின் ஒழுக்கத்தைப் பற்றியதாயிற்று. 1869-இல் அஃது மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தையும் அடைந்தது.

அடிகள் 1874-இலும் நாவலர் 1879-இலும் மறைந்த பின்னரும் வசை மறையவில்லை. நா. கதிரைவேற்பிள்ளை ஒருபுறமும், செய்குத்தம்பிப் பாவலர் முதலியோர் மறுபுறமுமாக நின்று மேடைகளிலும் அச்சிலும் பொருதனர். 'ஆபாச தர்ப்பணம்' என்னுஞ் சொற்கள் ஒரு நூலின் தலைப்பிலேயே ஏறின. 1904-இல் வழக்கு மீண்டும் சென்னை நீதிமன்றம் புகுந்தது. தம் ஆசிரியராகிய கதிரைவேற்பிள்ளைக்காகச் சான்று கூறச் சென்றமையால், இராயப்பேட்டை வெஸ்லி பள்ளி மாணவராயிருந்த திரு. வி. கலியாணசுந்தரனார் இறுதித் தேர்வு எழுத இயலாது போயிற்று. அவர்தம் பள்ளிப் படிப்பு அவ்வளவில் நின்றது. பிற்காலத்தில் தமிழ் உரைநடைக்கே அணிகலனாய் விளங்கிய ஒருவர்க்கு இவ்வழக்கு இட்ட விலை இது.

இப்பிரசுரங்களை ப. சரவணன் தொகுத்து 2010-இல் பெருநூலாக வெளியிட்டார். அப்போர் எத்துணைப் பெரிதென்பது அந்நூலின் பருமனாலேயே விளங்கும். இருதிறத்தாரும் கல்வியிற் குறைந்தவரல்லர், பக்தியிலும் குறைந்தவரல்லர். பின் குறைந்தது யாது? இருவர்க்கும் பொதுவாய் நின்று, "பாடலைப் பற்றிப் பேசுக, பாடியவரை விடுக" எனத் தடுத்துக் கூறத்தக்க ஓர் அவைக்காவலர் இல்லாமையே குறை. ஒவ்வொரு திறத்தாரும் தத்தமக்கு வேண்டியதைத் தாமே அச்சிட்டனர். இருதிறத்தார் எழுத்தும் ஒரே மேசையின்மேல் வந்து ஒருவர் கண்ணால் நோக்கப்படவில்லை. இன்று நாம் அடிகளையும் படிக்கின்றோம், நாவலரையும் படிக்கின்றோம். அவர்களிடைத் தோன்றிய வினா மட்டும் வசையின்கீழ்ப் புதைந்தே கிடக்கின்றது.

நம் சமவெளியில் நிகழ்ந்தது

காவலர் இல்லாமையால் வந்த கேடு அது. காவலர் இருந்தும் அவர் கை தகாதவிடத்தில் வீழ்ந்தமையால் வந்த கேட்டிற்கு நம் சேலம் நாமக்கற் சமவெளியே இடமாயிற்று. திருச்செங்கோட்டை நிலைக்களனாகக் கொண்டு, மகப்பேறற்ற கணவன் மனைவியின் துயரைக் கூறும் 'மாதொருபாகன்' என்னும் நாவலைப் பெருமாள்முருகன் எழுதி 2010-இல் வெளியிட்டார். அவர் இச்சமவெளியிற் பிறந்தவர். நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராயிருந்தவர். நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 டிசம்பரில், அந்நாவல் தம் ஊரையும் ஊர்ப் பெண்டிரையும் இழிவுபடுத்துகின்றது எனச் சிலர் கிளர்ந்தெழுந்தனர்.

அவர்கள் மனம் புண்பட்டதென்பதை நாம் ஐயுறவேண்டுவதில்லை. தம் ஊரின் வழக்கத்தைப் பற்றி எழுதப்பட்டது உண்மையன்று எனக் கருதுவார்க்கு அதனை மறுத்தெழுத உரிமையுண்டு. கூட்டங்கூட்டி மறுத்துப் பேசவும் உரிமையுண்டு. ஆயின் மறுப்பு அங்கே நிற்கவில்லை. நூல் கொளுத்தப்பட்டது, ஆசிரியர்க்குத் தொலைபேசி வழியே வசையும் மிரட்டலும் வந்தன, ஊரிற் கடையடைப்பு நிகழ்ந்தது. 2015 சனவரி 12-ஆம் நாள் மாவட்ட அதிகாரிகள் முன்னிலையில் அமைதிப் பேச்சு நடந்தது. அதன் முடிவில் மன்னிப்புக் கேட்கவும், நூற்படிகளைத் திரும்பப் பெறவும் ஒப்பியவர் எழுத்தாளரே. எழுத்தாளனாகிய தான் இறந்துவிட்டதாக அவர் உலகிற்கு அறிவித்தார்; தம் நூல்கள் அனைத்தையும் மீட்டுக்கொள்வதாகவும் கூறினார்.

2016 சூலை 5-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றத்துத் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் தீர்ப்பளித்தனர். அமைதிப் பேச்சில் எழுதப்பட்ட உடன்பாடு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றனர். நூலை விரும்பாதார் படியாது ஒதுக்கலாம் என்றும், எழுத்தாளர் தம் தொழிலுக்கு மீளலாம் என்றும் கூறினர். அவரும் மீண்டார்.

இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிப்பது யாது? அமைதி காத்தல் என்னும் பெயரால் யாரை அடக்குகின்றோம் என்பதே வினா. வசை கூறுவோர் பலராகவும் வசைக்கு இலக்காவார் ஒருவராகவும் இருக்குமிடத்து, அவ்வொருவரை வாய்மூடச் செய்தல் எளிது. உடனே அமைதியும் உண்டாகும். ஆனால் அஃது அவையின் அமைதியன்று. ஆளில்லாத மனையின் அமைதி. ஆங்கில அறிஞர் மில் 1859-இல் வெளியிட்ட தம் சுதந்தரம் பற்றிய நூலில் இதனை நுட்பமாக ஆராய்ந்துள்ளார். கடுஞ்சொல்லை அடக்கப் புகுவார் பெரும்பாலும் சிறுபான்மையோரின் கடுஞ்சொல்லையே காண்பர். பெரும்பான்மையோர் வழங்கும் வசையோ அவர் செவிக்கு வசையாகவே படாது. ஆயினும் வாயடைத்துக் கேடு விளைப்பதில் பின்னதே பெரிது என்பது அவர் கருத்து.

தெளிவில்லாத தடையும் கேடே

இன்னுமோர் எச்சரிக்கை வேண்டப்படும். வசையை ஒழிக்க வேண்டுமென்னும் நல்லெண்ணத்தால், எல்லை தெளியாத சட்டம் வகுத்துவிடுதலும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 66-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மின்வழியாகப் பிறர்க்கு எரிச்சலோ இடைஞ்சலோ விளைக்கும் செய்தி அனுப்புதல் முதலியன அதன்படி குற்றமாயின. எரிச்சல் என்பது யாருடைய எரிச்சல்? ஒருவர்க்கு எரிச்சலாவது மற்றவர்க்கு நகைச்சுவையாகும். உச்சநீதிமன்றம் 2015 மார்ச்சு 24-ஆம் நாள் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் அப்பிரிவை முழுதும் நீக்கியது. அரசியலமைப்பின் 19-ஆம் உறுப்பு பேச்சுரிமையை வழங்கி, அவதூறு, நாகரிகம், பொது ஒழுங்கு முதலிய குறித்த காரணங்கட்கு மட்டுமே அதனை வரையறுக்க இடந்தருகின்றது. எரிச்சல் அக்காரணங்களுள் ஒன்றன்று.

நாடு முழுமைக்கும் பொருந்தும் இவ்வுண்மை ஒரு சிறு அவைக்கும் பொருந்தும். "தகாதன எழுதற்க" என்று மட்டும் அறிவித்துவிட்டால், தகாதது எதுவென்பதை ஒவ்வொரு நாளும் காவலரின் மனநிலையே முடிவுசெய்யும். விதி தெரியாதவன் அஞ்சி வாளாவிருப்பான். அஞ்சாதவன் வசை பாடுவான்.

ஓர் எடுத்துக்காட்டு

விதியைத் தெளிவாக வகுத்தல் இயலுமோவெனின், இயலும். சேர்வராயன் மலையடிவாரத்து எம்மூராகிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஓர் ஓடையைத் தூர்வாரினர் என்றும், அச்செலவைப் பற்றி ஊராரின் பொதுப் பத்திரிகைக்குக் கடிதங்கள் வந்தன என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்.

முதற்கடிதம், "கூலியாட்களின் தொகை மிகையாகக் காட்டப்பட்டுள்ளது, பதிவேட்டை ஊரார் முன் வைக்கவேண்டும்" என்கின்றது. இது கடுமையானது, பொறுப்பேற்றவர்க்குக் கசக்கும். ஆயினும் இது குற்றங் காட்டலே. ஒரு சொல்லும் மாற்றாது வெளியிடத்தக்கது.

இரண்டாவது, "ஓடையைத் தூர்வாரினார்களா, பணத்தைத் தூர்வாரினார்களா?" என எள்ளுகின்றது. இஃது அங்கதத்தின்பாற் படும். தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இருவகையாக்கிச் செய்யுளியலில் இடங்கொடுத்தார். பொறுப்பில் உள்ளாரை எள்ளும் உரிமை ஊரார்க்கு வேண்டும். இதனையும் வெளியிடலாம்.

மூன்றாவது, "கணக்கெழுதியவர் கள்வர்" என்கின்றது. இது குற்றச்சாட்டு. மெய்யாயின் சான்று வேண்டும், சான்றின்றேல் அவதூறு. இதனைக் கிழித்தெறிதலும் தவறு, வெளியிடுதலும் தவறு. "தாங்கள் அறிந்தது யாது? அதனை எழுதுக" எனத் திருப்பி அனுப்புதலே முறை. சான்றோடு வருமாயின், கணக்கெழுதியவர்க்கும் விடைகூற அதே பக்கத்தில் இடந்தந்து வெளியிடலாம்.

நான்காவது, "அக்குலத்தார்க்கு வேறென்ன தெரியும்?" என்கின்றது. ஐந்தாவது, அவர் வீட்டுப் பெண்டிரைப் பற்றிப் பேசுகின்றது. இவை ஓடையைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. கணக்கைப் பற்றியும் ஒன்றும் கூறவில்லை. இவற்றை நீக்கினால் ஊரார் அறியவேண்டிய செய்தி எதுவும் குறையாது. எனவே இவை வசை. தாழ்த்தப்பட்ட வகுப்பினரைப் பலரறிய இழிவுபடுத்துதல் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

ஆறாவது, "வீதியில் வரட்டும், பார்க்கின்றோம்" என்கின்றது. இது மிரட்டல். இதனைக் காவலர் தம் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு மறந்துவிடுதல் ஆகாது. உரியவர்க்கு அறிவித்துக் காவல்நிலையத்தின் துணையை நாடல் வேண்டும். 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவு மிரட்டலையும், 356-ஆம் பிரிவு அவதூற்றையும் குற்றமாகக் கூறுகின்றன.

இவ்வாறு பகுத்து நோக்கின், காவலர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே என்பது புலனாகும்: இச்சொல்லை எடுத்துவிட்டால் பொருள் குறைகின்றதா? குறையுமாயின் அது கருத்து, விட்டுவைக்க. குறையாதாயின், அஃது ஆளைத் தாக்குவது மட்டுமாயின், அது வசை, நீக்குக.

காவலர் கடைப்பிடிக்கவேண்டுவன

இக்கேள்வியைக் கையிற்கொண்டு அவை காப்பார் சில முறைகளைப் போற்றுதல் நலம். விதிகள் முன்கூட்டியே எழுதப்பட்டு எல்லார்க்கும் அறிவிக்கப்படல் வேண்டும். குலம், உடற்குறை, பெண்டிர் ஒழுக்கம், தனிவாழ்க்கை, மிரட்டல் எனத் தடுக்கப்படுவன பெயர்கூறிச் சுட்டப்படல் வேண்டும். தீர்ப்புச் சொல்லின்மேல் அமைதல் வேண்டும், சொன்னவர்மேல் அன்று. தகாத தொடரைச் சுட்டி, மாற்றியெழுத ஒருமுறையேனும் இடந்தரல் வேண்டும். சினத்திற் பிறந்த கடிதங்களுட் பல, ஓரிரவு கழித்துத் திருப்பித் தந்தால், எழுதியவராலேயே அமைதியாகத் திருத்தப்படும். ஒருவர் மீண்டும் மீண்டும் அவையைக் கெடுப்பாராயின், அப்பொழுதே அவரை விலக்குதல் பற்றி எண்ணல் வேண்டும்.

அடுத்து, நடுவுநிலைமை. தம் கொள்கையினர் கூறும் வசையையே காவலர் முதலில் நீக்கல் வேண்டும். எதிர்த்திறத்தார் சொற்களை மட்டும் கத்தரிப்பவர் காவலரல்லர். காவலுடை பூண்ட கட்சிக்காரர். நீக்கியதற்குக் காரணத்தைக் குறித்து வைத்தலும், நீக்கப்பட்டவர் முறையிடின் மற்றொருவர் அதனைப் புதிதாக நோக்கும் ஏற்பாடும் வேண்டும். ஒருவரே எழுதுநராகவும் காவலராகவும் இறுதி நீதிபதியாகவும் இருத்தல் யார்க்கும் நன்றன்று.

காவலர்க்கும் ஓர் உள்ளம் உண்டென்பதை மறத்தலாகாது. நாள்தோறும் பிறர் உமிழும் வசையைப் படித்துப் பிரிப்பது புழுதியிடைத் தொழில்செய்வது போன்றது. கதவடைத்த அறையிற் புழுதி நுரையீரலிற் படிதல்போல வசையும் நெஞ்சிற் படியும். சில நாட்களில் அவர் எல்லாரையும் பகைவராகக் காணத் தொடங்குவர். அல்லது எதனையும் வசையாகக் காணாது மரத்துப்போவர். எனவே இப்பணியைப் பலர் முறைவைத்து ஏற்றலே தக்கது.

"இவ்வாறெல்லாம் கத்தரித்தால் கருத்துரிமை என்னாவது?" என வினவுவார் உளர். அவர்க்கு நாம் கூறுவது இது: வசை தடையின்றிப் புகும் அவையிலும் கருத்துரிமை இல்லை. அங்கே விதி யாரையும் தடுப்பதில்லை, அச்சமே தடுக்கின்றது. புதிதாய் எழுதத் துணிந்த மாணவி, தன் வீட்டாரைப் பற்றி ஒருவன் எழுதிய ஒரு தொடரைக் கண்டு பேனாவை மூடிவைக்கின்றாள். அவள் எழுதாது விட்டது எத்தகையதென யாரும் அறியார். ஆதலின் அவ்விழப்பு எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. கத்தரிக்கப்பட்ட வசை கண்ணுக்குத் தெரிகின்றது. வசையாற் கத்தரிக்கப்பட்ட கருத்தோ கண்ணுக்குத் தெரிவதில்லை. காவலர் காணவேண்டுவது பின்னதையே.

யாக்கோபு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் நாவினைப் பெருங்காட்டைக் கொளுத்தும் சிறு நெருப்பிற்கு ஒப்பிடுகின்றது. பெருங்கப்பலைத் திருப்பும் சிறு சுக்கானும் அங்கே உவமையாகின்றது. நெருப்பை அவிப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. கப்பல் ஓடவும் வேண்டும். வசையை நீக்குவது பேச்சை நிறுத்துதற்கன்று. பேச்சு தான் செல்லவேண்டிய துறையைச் சென்று சேர்தற்கே.

மாணவ நண்பர்காள்! இன்று கல்லூரியில் இருக்கும் நம்முட் பலர், நாளை ஒரு பத்திரிகைக்கோ, ஒரு சங்கத்துக்கோ, ஓர் ஊர்க்கூட்டத்துக்கோ, ஒரு வகுப்பின் கைப்பேசிக் குழுவுக்கேனுமோ காவலராக அமர்வோம். நாவலரும் அடிகளும் வாழ்ந்த நாட்டில் நல்ல வினாக்கள் இன்னும் தோன்றும். திருச்செங்கோட்டு மலையைச் சூழ்ந்த நம் சமவெளியில் கசக்கும் நூல்கள் இன்னும் எழுதப்படும். அப்பொழுது வினாவை வாழவிட்டு வசையை வெளியே நிறுத்தும் கை நம்முடையதாகுக. மறுக்கக் கற்போம், மறுக்கப்படுதலைப் பொறுக்கவும் கற்போம். அத்தகைய அவை தமிழ்நாடெங்கும் பெருகுக.